இடப்பக்கம்

அப்பாவின் மாருதி 800 அடிபட்டுவிட்டது என்று எனக்குச் சொன்னது அம்மாதான். அதையும் நேராகச் சொல்லவில்லை. போன வருஷம் செப்டம்பரில் ஒருநாள் போனில் பேசும்போது, அதியமான்கோட்டை கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்ததாகச் சொன்னாள். தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவரைப் பார்க்கப் போவது அவளுக்கு வழக்கம். அப்பா காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவதும் வழக்கம்.

"ஏம்மா, காரு?"

"அது கெடக்குது."

இரண்டு வாரம் கழித்து பெங்களூரிலிருந்து ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன். வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே, அடிபட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார் அப்பா. இருபது வருஷத்தில் அந்த வண்டிக்கு அவர் தார்ப்பாய் போட்டு நான் பார்த்ததில்லை. இடது பின்கதவுக்குப் பின்னாலிருந்து டிக்கி விளக்கு வரைக்கும் உள்ளே போயிருந்தது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு மடங்கி டயரில் உரசிக்கொண்டு நின்றது.

"பாலக்கோடு சந்தைகிட்ட நிறுத்தியிருந்தேன். எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார்.

நான் தலையாட்டினேன். அரை மணி நேரம் கழித்து, டீ குடிக்கும்போது, எனக்குள் இருக்கும் இன்ஜினியர் விழித்துக்கொண்டான். ரோட்டோரமாக நிறுத்தியிருந்தால் வண்டியின் இடப்பக்கம் கடைகளைப் பார்த்துத்தானே இருக்கும்? இடிக்கிறவன் வலப்பக்கம் அல்லவா இடிப்பான்? கேட்கவில்லை. அப்பாவுக்கு 71 வயது. முப்பத்து மூன்று வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். யாரையும் பொய் சொல்லவிடாமல் வகுப்பு நடத்தியவரிடம் போய், நீங்கள் சொல்வது பொய் என்று எப்படிச் சொல்வது?

எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. இதுதான் சாக்கு. வண்டியைப் போட்டுவிடலாம். அவருக்குக் கண்ணில் புரை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் 'வெயிலு கூசுது' என்பார். ஓட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு மூன்று வருஷமாகத் தைரியம் வரவில்லை. வண்டியே இல்லையென்றால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அப்பா அப்படி விடுகிறவராக இல்லை. ஜூலையில்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நாலு நடை நடந்து ஆர்.சி.யைப் புதுப்பித்திருந்தார். 2004-ல் பதிவான வண்டி. பதினைந்து வருஷம் முடிந்து 2019-ல் ஒருமுறை, அப்புறம் ஐந்து வருஷம் கழித்து இப்போது. 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் மட்டும் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. "2029 வரைக்கும் பேப்பர் இருக்கு" என்றார், வண்டியே இனிமேல்தான் பிறக்கப்போகிறது என்பதுபோல.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோனோம். டை கட்டிய பையன் ஒருவன் வண்டியைச் சுற்றி வந்தான், போட்டோ எடுத்தான், கம்ப்யூட்டரில் தட்டினான். "குவார்ட்டர் பேனல் மாத்தணும் சார். இந்த மாடலுக்கு பேனல் ஸ்டாக் இல்ல." வேறு வழி? "எக்ஸ்சேஞ்ச் போட்டுடுங்க சார்." அப்பா அந்தப் பையனிடம் எத்தனையாவது வரைக்கும் படித்தாய் என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அந்தப் பையன் சொன்னதில் தப்பில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. காரின் முன்பக்க ஃபெண்டர் நாலைந்து போல்ட்டில் நிற்கிறது. கழற்றலாம், புதுசு மாட்டலாம், சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். பின்பக்கம் அப்படியில்லை. லாரிக்கும் ஜீப்புக்கும் கீழே தனியாக ஒரு சேஸிஸ் இருக்கும், பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். இந்த மாதிரிச் சின்னக் கார்களில் பாடியேதான் சேஸிஸ். 1922-ல் இத்தாலியில் லான்சியா லாம்ப்டா என்ற காரில் ஆரம்பித்த யோசனை இது. எல்லாத் தகடும் ஒன்றோடொன்று வெல்டு ஆகி, மொத்தமாகச் சேர்ந்து எடையைத் தாங்குகின்றன. பின் குவார்ட்டர் பேனல் மேலே கூரையைத் தாங்கும் தூணாகப் போகிறது, கீழே கதவுப் படியோடு சேர்கிறது, உள்ளே சக்கரக் கூட்டோடு ஒட்டியிருக்கிறது, பின்னால் டிக்கிக்கு விளிம்பாகிறது. அதைக் 'கழற்ற' முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சேலம் ரோட்டை ஒட்டி ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. தகர ஷெட், புளியமரம், வாசலில் எப்போதும் ஒரு மூக்கு உடைந்த டாடா ஏஸ். அதன் முதலாளி அப்பாவின் பழைய மாணவர். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். இன்றைக்கும் அப்பாவைப் பார்த்தால் கையிலிருக்கும் பீடியைப் பின்னால் மறைப்பார். எனக்கு அண்ணன்.

அண்ணன் வண்டியைச் சுற்றி வரவில்லை. குந்தி உட்கார்ந்து, அடிபட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்து முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை தடவினார். பிறகு கீறலுக்குள் நகத்தை விட்டுச் சுரண்டி, நகத்தைப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டார்.

"எங்க சார் இடிச்சது?"

"பாலக்கோட்டுல. நிறுத்தியிருந்தப்ப."

"சரிங்க சார்."

அவ்வளவுதான். அந்த வெள்ளை சுண்ணாம்பு என்பது எனக்கே தெரிந்தது. எந்த வண்டிக்கும் சுண்ணாம்பு அடிப்பதில்லை.

அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தேன். "அண்ணா, ஒரு உதவி. பார்ட்ஸ் கெடைக்கல, வேலை ஆவாதுன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க. உங்களுக்கு ஆகற கூலிய நான் குடுத்துடறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. கோபமில்லை. லேசாக ஏமாந்ததுபோல.

"வண்டிய ஒடைக்கணும்னா சொல்லுங்க தம்பி, ஒடைச்சுத் தரேன். சார்கிட்ட பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன். ஓட்டக்கூடாதுன்னா அதை நீங்கதான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நம்ப மாட்டீர்கள், பேனல் தேடிக் கிளம்பினேன். நேரடியாகச் சொல்ல முடியாததை ஒரு வேலையாக மாற்றிக்கொள்வது எங்கள் வீட்டு ஆண்களின் குணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பேனல் வேண்டுமா, தட்டியே சரிசெய்யலாமா என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை. டிங்கரிங்கில் இது பெரிய சண்டை. வெட்டாமல் தட்டி எடுத்தால் கம்பெனி போட்ட வெல்டு அப்படியே இருக்கும். வண்டி விற்கும்போது விலை குறையாது. முடிந்தவரை வெட்டாதே என்பதுதான் நல்ல டிங்கரின் முதல் பாடம். ஆனால் தகடு ஓரளவுக்குத்தான் திரும்பி வரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். அடிவாங்கி நீண்டுபோன தகடு தட்டத் தட்ட இன்னும் நீளும், இறுகும், கடைசியில் எண்ணெய் டப்பா மூடிபோல 'டப் டப்' என்று உள்ளேயும் வெளியேயும் போய்வர ஆரம்பிக்கும். அப்போது அங்கங்கே காஸ் நெருப்புக் காட்டி, ஈரத்துணி வைத்துச் சுருக்குவார்கள். அதற்கும் மிஞ்சினால், மேலே பட்டி.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தார். கதவில் வைத்தார், கப்பென்று ஒட்டியது. பேனலின் மேல்பக்கம், ஒட்டியது. சக்கர வளைவுக்கு மேலே வைத்தார். நழுவிக் கீழே விழுந்தது.

கிரைண்டரைப் போட்டதும் சிவப்புப் பெயின்ட் போனது, அடுத்து சாம்பல் நிற பிரைமர், அடுத்து மஞ்சளாகப் பட்டித் தூள் பறந்தது. பறந்துகொண்டே இருந்தது. உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாளம் அப்படியே பெயர்ந்து தரையில் விழுந்தது. விரல் மொத்தம் இருந்தது. இரண்டு மூன்று மில்லிக்கு மேல் பட்டி போடக்கூடாது என்பார்கள். பாளத்தின் பின்பக்கம் துரு. தகட்டில் அந்த இடம் ஜல்லடைபோல ஓட்டை விழுந்து, அதற்கு மேல் பழைய சுத்தியல் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. யாரோ எப்போதோ ரொம்ப நேரம் தட்டியிருக்கிறார்கள்.

"யாருண்ணா இந்த வேலை பாத்தது? இவ்வளவு பட்டியா?" என்று சிரித்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. "நாந்தான் தம்பி" என்றார்.

கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, பீடி பற்றவைத்துச் சொன்னார். 2006. நான் சேலத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ஹாஸ்டலில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். தொப்பூர் கணவாயில் இருட்டிவிட்டது.

தொப்பூரைத் தெரியாதவர்களுக்கு: பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலை தர்மபுரியைத் தாண்டிச் சேலத்தை நோக்கி மலையிறங்கும் இடம் அது. சரக்கு லாரிகள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவதும், முன்னால் நிற்பவர்கள்மேல் ஏறுவதும் எங்கள் மாவட்டத்து நாளிதழ்களில் மாதம் தவறாத செய்தி. 2020 டிசம்பரில் நடந்தது தமிழ்நாடு முழுக்கத் தெரியும்: மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த கார்கள்மீது ஒரு லாரி ஏறி நாலுபேர் செத்தார்கள். 2006-ல் ரோடு இவ்வளவு அகலமும் இல்லை. எதிரே ஒரு லாரி தன் பக்கத்தை விட்டு இறங்கி வந்திருக்கிறது. அப்பா இடப்பக்கம் ஒடித்துக் கட்டைச் சுவரில் உரசித் தப்பித்திருக்கிறார். லாரி நிற்காமல் போய்விட்டது.

"ராத்திரி பத்து மணி இருக்கும். நேரா இங்கதான் வந்தாரு. கை நடுங்குது. வீட்டுக்குப் போகல. 'விடியறதுக்குள்ள முடியுமாடா'ன்னாரு. விடியறதுக்குள்ள வெட்டி ஒட்ட முடியுமா? அப்ப எனக்கு அவ்வளவு வேலையும் தெரியாது. ரெண்டு நாள் எடுத்துக்கிட்டுத் தட்டினேன், பட்டி போட்டேன், பெயின்ட் அடிச்சேன். வீட்ல கிளட்சு வேலைன்னு சொல்லியிருந்தாரு."

அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டல் வார்டன் ரூமுக்குப் போன் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருக்கக் காரணம், அப்பா ஒருபோதும் அங்கே கூப்பிட்டதில்லை. "வந்து சேந்துட்டேன். சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். வந்து சேர்ந்துவிட்டேன் என்றது வீட்டுக்கு அல்ல, இந்தப் பட்டறைக்கு என்று பதினெட்டு வருஷம் கழித்துத் தெரிகிறது. சொன்னால் நான் ஊருக்கு வருவதை நிறுத்திவிடுவேன் என்று பயந்தாரா, அம்மா காரையே விற்கச் சொல்லுவாள் என்று பயந்தாரா? பயந்தது எனக்காகவா, காருக்காகவா என்றே இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆக, தட்டுவதற்கு அங்கே தகடே இல்லை. அண்ணன் சொன்னார்: "இந்தத் தடவ வெட்டிடலாம்."

அடுத்த சனிக்கிழமை பெங்களூர் சிவாஜி நகரில் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கினேன். அங்கே தெருவின் இரண்டு பக்கமும் கதவுகள், பானெட்டுகள், கண்ணாடிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். தமிழ், உருது, கன்னடம் எதில் கேட்டாலும் விலை ஒன்றுதான். மாருதி 800-ல் எனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. டெல்லியில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தது 1983 டிசம்பரில். 1986-ல் உருவம் மாறியது. அதற்குப் பிறகு 2014 ஜனவரியில் தயாரிப்பு நிற்கும்வரை முகத்தில்தான் சின்னச் சின்ன மேக்கப். பின்பக்கம் ஏறக்குறைய அதேதான். 2004 வண்டிக்கு 1998 வண்டியின் தகடு பொருந்தும். ஐந்தாவது கடையில் வெள்ளை நிறத்தில் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் அதைத் தூணோடும் படியோடும் சேர்த்துத் தாராளமாக வெட்டி வைத்திருந்தார். 4,500 சொன்னார், 3,200-க்குக் கொடுத்தார். காந்தத்தை வைத்துப் பார்த்தேன். எங்கும் ஒட்டியது.

போர்வையில் சுற்றிச் சாந்தி நகரில் சேலம் பஸ்ஸின் டிக்கியில் ஏற்றினேன். கண்டக்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, ரெக்கையா?" என்றார். லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

வேலை ஆறு நாள் நடந்தது. நான் நாலு நாள் லீவு போட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது நாளிலிருந்து கொஞ்சம் எடுபிடியும் செய்தேன். எங்கள் தொழிலிலும் பேட்ச் என்ற சொல் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு, யாரும் பார்க்காதபோது, கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். இங்கே போடுவதற்கு முன்னால் செய்வதுதான் அதிகம். பேட்டரி வயரைக் கழற்றினார். பின் சீட்டை எடுத்து, அடியிலிருந்த பெட்ரோல் டேங்கை இறக்கி ஷெட்டுக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய் வைத்தார். டிக்கியில் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து, அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். வண்டி கோணியிருந்தால் புதுத் தகடு என்ன போட்டாலும் டிக்கி மூடாது.

பிறகு ஓரங்களில் பெயின்ட்டைத் தேய்த்து வெல்டுப் புள்ளிகளைத் தேடினார். கம்பெனியில் இரண்டு தகட்டை இடுக்கி மின்சாரம் பாய்ச்சி ஒட்டிய புள்ளிகள், அம்மைத் தழும்புபோலச் சின்னக் குழிகள். நான் எண்ணினேன், நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் டிரில் போட்டுத் திறக்க வேண்டும். அதிலும் மேல் தகட்டை மட்டும். அடித்தகடு ஓட்டையானால் புதுசை எதில் ஒட்டுவது? "கையில தெரியும் தம்பி. மேல் தகடு விட்டதும் டிரில் ஒரு மாதிரி பெருமூச்சு விடும்" என்றார். நானும் இரண்டு போட்டுப் பார்த்தேன். பெருமூச்சு கேட்பதற்குள் இரண்டும் ஓட்டை.

தூணில், அகலம் குறைந்த இடத்தில் வெட்டினார். புதுத் தகட்டைப் பழசின் மேல் கொஞ்சம் ஏறும்படி வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் இரண்டு விளிம்பும் மயிரிழை விடாமல் பொருந்தும். உள்ளே ஒரு பட்டைத் தகடு தாங்கலுக்கு. ஆனால் உடனே ஒட்டவில்லை. கிளாம்பில் பிடித்து நிறுத்திவிட்டு, கதவை மாட்டினார், டிக்கியை மாட்டினார், விளக்கைக்கூட மாட்டினார். மூடித் திறந்து, மூடித் திறந்து, கதவுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் அட்டையை விட்டுப் பார்த்து, கிளாம்பைத் தளர்த்தி, உள்ளங்கையால் ஒரு தட்டு. ஒரு முழு மத்தியானம் இதிலேயே போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை.

வெல்டிங் அதிக நேரம் எடுக்கவில்லை, ஆனால் ஒரே கோடாக இழுக்கவும் இல்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, பிறகு வேறு மூலையில். சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் தகடு நெளிந்துவிடும். நடுநடுவே டீ. தேய்த்து, ஓட்டை வழியாக உள்ளே துரு பிடிக்காமல் மெழுகு அடித்து, ஓரங்களில் சீலர் போட்டு, கடைசியில் பட்டி, தோசைபோல மெல்லிசாக.

மூன்றாவது நாள் அப்பா பஸ்ஸில் வந்தார். வண்டி பின்பக்கம் பாதி வெள்ளை, பாதி சிவப்பாக, கழற்றிப் போட்ட கோழிபோல நின்றது. தரையில் கிடந்த பழைய தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுத்தியல் தடங்கள் மேலே பார்த்தபடி கிடந்தன. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை.

அண்ணன்தான் பேச்சை மாற்றினார். "தம்பி, சார் எங்களுக்கு நடத்துனதுல எனக்கு ஒரே ஒரு பாட்டுதான் ஞாபகம். நம்ம ஊரு அதியமான் பாட்டு." புறநானூற்றின் 95-ஆவது பாட்டு. தகடூர்தான் தர்மபுரி என்பதால் எங்கள் ஊரில் எந்தத் தமிழாசிரியரும் அதை விடுவதில்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். எல்லாம் பீலி சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று காவலில் இருக்கின்றன. எங்கள் ஆளுடைய வேலெல்லாம் குத்திக் குத்தி முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறாள் கிழவி.

"அந்தப் பட்டறைக்காரன் பேரு என்ன சார்னு கேட்டேன். பாட்டுல அது இல்லடான்னாரு சார். அன்னைக்கே படிப்பு மேல எனக்கு நம்பிக்கை போச்சு" என்று சிரித்தார் அண்ணன்.

அப்பாவும் சிரித்தார். ரொம்ப நாளாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஏழாவது நாள் சாயங்காலம் வண்டி தயார். கூலி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 16,000. வண்டியின் மதிப்பே அதைவிட ரொம்ப அதிகம் இருக்காது. அப்பா இடப்பக்கம் குனிந்து, தூணிலிருந்து கீழே வரைக்கும் விரலால் தடவினார். திரும்பவும் தடவினார்.

"எங்கடா வெட்டுன?"

"கண்டுபிடிங்க சார்."

அவரால் முடியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நானும் தேடித்தான் காட்ட வேண்டியிருந்தது.

அண்ணன் சாவியை அப்பாவிடம் நீட்டினார். நான் அந்த நிமிஷத்துக்காகத்தான் நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அப்பா வாங்கினார், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், என்னிடம் கொடுத்தார்.

"நீ ஓட்டு. இடப்பக்கம் எனக்குச் சரியாத் தெரியல."

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைத் தேடினார். அந்தப் பக்கம் அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். தீபாவளி முடியட்டும் என்றார். சரி என்றேன்.

எங்கள் தெருவுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். குறுகலான திருப்பம், முனையில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும். இதையெல்லாம் காலேஜில் படம் போட்டுப் படித்திருக்கிறேன்.

"மெதுவா" என்றார் அப்பா. "அகலமா எடு. இங்கதான்."

நிறுத்தினேன். வெள்ளைச் சுவரில் இடுப்புக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குச் சிவப்புக் கோடு. எங்கள் வண்டியின் சிவப்பு. அப்பா கதவைத் திறந்து இறங்கினார். சுவர் பக்கத்தில் போய்க் குனிந்து, கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு ஒரு பாக்கெட் சுண்ணாம்பு வாங்கிட்டு வா. இவங்களுக்கு அடிச்சுக் குடுத்துடலாம்."